பத்துக்குப் பத்து அறையை வைத்து ஒரு சொகுசுக் கப்பலை அளக்கலாம்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ரயில் பாலத்தின் நடுத்துண்டு மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் அக்கா மகனும். 1914இல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. கீழே ஒரு இழுவைக் கப்பல், அதன் பின்னால் ஒரு மிதவை, அப்புறம் வரிசையாக விசைப்படகுகள் கடந்தன.

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலில் வேலைக்குப் போக ஆசை. கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பல் 2,48,663 டன்னாம். இவ்வளவு எடை எப்படி மிதக்குது? இன்னொரு கப்பல் 54,700 டன்தான். அதைப் போய் ரொம்ப விசாலமான கப்பல்னு எழுதியிருக்காங்க. சின்னக் கப்பல் எப்படி விசாலமா இருக்கும்?"

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்திலிருந்துதான் பதில் வருகிறது. உலகத்தின் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் எல்லாம் சில வருடங்களாக முன்பைவிடப் பெரிய கப்பல்களைக் கட்டி இறக்குகின்றன. அது ஏன் என்று புரிந்துகொள்ளவும் அதே இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்த 'டன்'. பயணிகள் கப்பலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் டன் எடையே கிடையாது. அது கப்பலின் உள்ளே மூடப்பட்டிருக்கும் இடத்தின் அளவு. கிராஸ் டன்னேஜ் என்பார்கள். பழங்காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த சரக்குக் கப்பல்களுக்கு, எத்தனை பெரிய மதுப் பீப்பாய் ஏற்ற முடியும் என்று பார்த்து வரி போட்டார்கள். அந்தப் பீப்பாய்க்கு 'டன்' என்று பெயர். பீப்பாய் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 1854இல் பிரிட்டனில் 100 கன அடி இடம் என்றால் ஒரு டன் என்று சட்டம் போட்டார்கள். பிறகு 1969இல் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஒரு ஒப்பந்தம் உருவாகி 1982இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய கணக்கில் ஒரு சூத்திரம் இருக்கிறது, மடக்கை எல்லாம் வரும். அது நமக்கு வேண்டாம். பெரிய கப்பல்களில் இன்றைய ஒரு டன் மூன்று கன மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பழைய 100 கன அடி என்பது 2.83 கன மீட்டர். இரண்டும் பக்கம் பக்கம்தான். அதனால் மனதில் வைத்துக்கொள்ளப் பழைய கணக்கே போதும்.

அந்தப் பழைய கணக்கு நம் ஊர் வீட்டுக்கு என்ன அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். நம் வீடுகளில் 'பத்துக்குப் பத்து ரூம்' என்கிறோமே, பத்தடி நீளம், பத்தடி அகலம். உயரத்தையும் பத்தடி என்று வைத்தால் 1,000 கன அடி. அதாவது பத்து டன். இனிமேல் எந்தக் கப்பலின் டன்னேஜைக் கேட்டாலும் பத்தால் வகுத்துவிடுங்கள். அத்தனை பத்துக்குப் பத்து அறைகளை அடுக்கிய அளவு இடம் அந்தக் கப்பலுக்குள் இருக்கிறது. ஐகான் என்றால் ஏறக்குறைய 25,000 அறைகள்.

எடை வேறு விஷயம். ஒரு கப்பல் எவ்வளவு தண்ணீரை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ அந்தத் தண்ணீரின் எடைதான் கப்பலின் எடை. வல்லத்தில் ஐஸும் மீனும் ஏற ஏற அது கீழே அமுங்குவதைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் வந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் கப்பலின் டன்னேஜ் இரண்டேகால் லட்சத்துக்கு மேல். அதன் நிஜ எடை சுமார் ஒரு லட்சம் டன்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றும் மனிதர்களும். டைட்டானிக் இதற்கு நேர் எதிர். அதன் டன்னேஜ் 46,328, எடையோ 52,000 டன்னுக்கு மேல். அட்லாண்டிக் அலையைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகக் கட்டிய கப்பல் அது. தண்ணீருக்குள் பத்தரை மீட்டர் ஆழம் அமுங்கியிருந்தது. டைட்டானிக்கைவிட ஐந்து மடங்கு இடமுள்ள ஐகான் ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் அமுங்குகிறது. இதை முதன்முதலில் படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பெரிய கப்பல் என்றால் ஆழமாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் உல்லாசக் கப்பல் அகலத்திலும் உயரத்திலும் வளர்கிறது. துறைமுகங்களின் ஆழம் அதற்கேற்ப வளராது என்பதால் கீழ்நோக்கி வளர அதற்கு வழி இல்லை.

சரி, இப்போது விசாலத்துக்கு வருவோம்.

கல்யாண மண்டபம் எவ்வளவு பெரிது என்பதைவிட, எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதில்தான் நெரிசல் இருக்கிறது. கப்பலிலும் அப்படியே. டன்னேஜைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அதற்கு ஸ்பேஸ் ரேஷியோ என்று பெயர், நாம் இட விகிதம் என்று சொல்லலாம். பயணிகள் எண்ணிக்கையை ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம்.

நம் ஆட்களுக்குத் தெரிந்த கப்பலிலிருந்தே பார்க்கலாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய, கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 1990இல் பிரான்சில் கட்டியது. டன்னேஜ் 48,563, கேபினுக்கு இரண்டு பேர் என்றால் சுமார் 1,600 பயணிகள். வகுத்தால் 30. அதாவது ஆளுக்கு மூன்று பத்துக்குப் பத்து அறை அளவு இடம். அக்கா மகன் கேட்ட அந்த 54,700 டன் கப்பலின் பெயர் சில்வர் நோவா. சில்வர்சீ நிறுவனத்துக்காக ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் மேயர் வெர்ஃப்ட் தளத்தில் கட்டி 2023இல் வந்தது. பயணிகள் 728 பேர். வகுத்தால் 75. ஆளுக்கு ஏழரை அறை. எம்பிரஸைவிடக் கொஞ்சம்தான் பெரிய கப்பல், ஆட்கள் பாதிக்கும் குறைவு. ஐகானில் 5,610 பேர், வகுத்தால் 44. உலகத்திலேயே பெரிய கப்பல்களில் ஒன்றாக இருந்தும், விசாலத்தில் சில்வர் நோவாவுக்குப் பக்கத்தில் வர முடியவில்லை. பள்ளி விடுமுறைக் காலத்தில் ஒரே கேபினில் குழந்தைகளும் சேர்ந்து ஐகான் முழுக்க நிரம்பி 7,600 பேர் ஆனால் அந்த 44 கூட 33க்கு இறங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏழரை அறை என்றால் பயணியின் கேபினே ஏழரை அறை அளவு என்று பொருள் கொள்ளக்கூடாது. இயந்திர அறை, சமையற்கட்டு, நாடக அரங்கு, உணவகங்கள், நடைவழிகள், ஊழியர் தங்குமிடம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்தே இருக்கின்றன. வெயிலில் திறந்து கிடக்கும் மேல்தளம் சேராது. காலையில் சாப்பிடப் போனால் இடம் தேட வேண்டுமா, லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டுமா, நீச்சல் குளத்தோரம் நாற்காலி கிடைக்குமா என்பதை ஊகிக்க உதவும் எண் இது.

இனி, சொகுசுக் கப்பல்கள் ஏன் பெரிதாகின்றன என்ற கேள்வி. இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம்.

1988இல் சீபோர்ன் பிரைட் என்ற கப்பல் வந்தபோது, அன்றைய உயர்தர சொகுசு அதுதான். சுமார் 10,000 டன், 200 பேர் அளவில் பயணிகள். சில்வர்சீயின் முதல் கப்பலான சில்வர் கிளவுட் 1994இல் வந்தது. 16,800 டன், 296 பேர், இட விகிதம் 57. 2017இல் சில்வர் மியூஸ், 40,700 டன், 596 பேர், 68. அப்புறம் நோவா, 75. கப்பலும் பெரிதாகிறது, பயணிகள் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆனால் இடம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. ரீஜென்ட் நிறுவனம் இத்தாலியின் ஃபின்கான்டியேரி கப்பல் கட்டும் நிறுவனத்திடம் கட்டச் சொல்லியிருக்கும் செவன் சீஸ் பிரஸ்டீஜ் 77,000 டன், பயணிகள் சுமார் 820. விகிதம் 90ஐத் தாண்டிவிட்டது. ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டல் பெயரில் 2024இல் வந்த இல்மா 46,750 டன், 448 பேர். விகிதம் 104. ஆளுக்குப் பத்து அறைக்கு மேல்!

இதற்குக் காரணம் பல. முதல் காரணம் பால்கனி என்பேன். பழைய கப்பலில் காசு கொடுத்தவனுக்கும் ஒரு சன்னல்தான். இன்று சொகுசுக் கப்பலில் ஏறுகிறவர் தனக்கென்று ஒரு பால்கனி இல்லாமல் ஒத்துக்கொள்வதில்லை. பால்கனி வேண்டுமென்றால் ஒவ்வொரு அறையும் வெளிச்சுவரைத் தொட வேண்டும். தெருவைப் பார்த்த வாசல் எல்லா வீட்டுக்கும் வேண்டும் என்றால் தெரு நீளமாகத்தானே ஆக வேண்டும்? அதே கதை. எல்லா அறைகளையும் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் கப்பல் நீள்கிறது, தளங்கள் கூடுகின்றன, நடுவில் வெளிச்சம் வராத பெரிய பகுதி மிஞ்சுகிறது. அந்த இடத்தில் உணவகங்களும் அரங்கும் ஸ்பாவும் வருகின்றன. முன்பு ஒரு சாப்பாட்டுக் கூடம் போதும். இப்போது வாரம் முழுக்கத் தினம் ஒரு உணவகத்தில் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

அடுத்தது செலவுக் கணக்கு. 300 பேரை ஏற்றினாலும் 700 பேரை ஏற்றினாலும் கேப்டன் ஒருவர்தான், கப்பலை ஓட்டும் அதிகாரிகளும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கைதான். இந்த நிலையான செலவை 700 பேர் பங்கிட்டுக்கொள்ளும்போது நிறுவனத்துக்குக் கையில் மிஞ்சுகிறது. மிஞ்சியதில் ஒரு பங்கை இடமாகவே திருப்பிக் கொடுக்கலாம்.

பாதுகாப்பு விதிகளும் இடம் கேட்கின்றன. 2010 ஜூலை 1 முதல் கட்டத் தொடங்கிய, 120 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள பயணிகள் கப்பல்களில், ஒரு பகுதியில் தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் தன் சொந்த இயந்திரத்தில் துறைமுகம் திரும்ப முடிய வேண்டும் என்பது விதி. அதனால் முக்கியமான கருவிகளை ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்து இரட்டிப்பாக வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது எரிபொருளும் மாறுகிறது. டீசல் மாதிரியான எண்ணெய்க்குப் பதிலாகத் திரவ இயற்கை வாயுவைப் பயன்படுத்தினால், அதே அளவு சக்திக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் தொட்டி வேண்டும். எக்ஸ்ப்ளோரா நிறுவனம் தன் மூன்றாவது, நான்காவது கப்பல்களை இதற்காகவே 19 மீட்டர் நீட்டிக் கட்டச் சொன்னது. 19 மீட்டர் என்பது பாம்பனில் கட்டிக் கிடக்கும் ஒரு நல்ல விசைப்படகின் நீளம்.

கப்பலைப் பெரிதாக்காமலே விசாலமாக்கவும் முடியும். 2003இல் கட்டிய கிரிஸ்டல் செரனிட்டி 68,870 டன். 1,070 பேரை ஏற்றிக்கொண்டிருந்தது, விகிதம் 64. நிறுவனம் நொடித்துப்போய் 2022இல் கை மாறியது. புதிய முதலாளிகள் சின்னக் கேபின்களை இடித்துச் சேர்த்துப் பெரிய அறைகளாக்கி, 2023இல் 740 பேருக்கான கப்பலாக இறக்கினார்கள். விகிதம் 93. இரும்பு அதே இரும்பு, கடலும் அதே கடல், ஆட்களை மட்டும் குறைத்தார்கள். இட விகிதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு கப்பலைத்தான் சொல்வேன்.

பெரிதாக்குவதற்கு எல்லையும் உண்டு. சொகுசுக் கப்பலில் ஏறுகிறவர்கள் சின்னச் சின்ன அழகான துறைமுகங்களுக்குள் போக விரும்புகிறார்கள். ஐகான் நுழைய முடியாத ஊருக்கு நாங்கள் போகிறோம் என்பதே இந்த நிறுவனங்களின் விளம்பரம். கப்பல் வளர வளர அந்த விளம்பரம் பலவீனமாகிறது. வெனிஸ் நகரத்தின் ஜியுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட, அல்லது 180 மீட்டரைவிட நீளமான கப்பல்கள் 2021 ஆகஸ்டிலிருந்து நுழையக்கூடாது. மேலே சொன்ன புதிய கப்பல்களில் ஒன்றுகூட அந்த அளவுக்குள் வராது.

இந்தக் கப்பல்கள் நம் கரைக்கு வருமா என்றும் அக்கா மகன் கேட்டான். பாம்பன் கால்வாய் வழியாக வராது. பாக் நீரிணை முழுக்கவே ஆழம் குறைந்த கடல். சில்வர் நோவா போன்றவை ஆறு மீட்டருக்கு மேல் அமுங்கி நிற்பவை. இங்கே கடக்கும் இழுவைக் கப்பலும் மிதவையும் கடல் ஏற்றம் பார்த்துத்தான் வருகின்றன. 12 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டத் திட்டமிட்ட சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கி நடுவிலேயே நின்றது. சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகும் பெரிய கப்பல் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில் வெயில் அடிவரை இறங்குவதால்தான் கடற்புல் வளர்கிறது, அதை மேய ஆவுளியா என்கிற கடற்பசு வருகிறது. ஆழம் குறைவு என்பதுதான் இந்தக் கடலின் சொத்து. பெரிய கப்பல் தூத்துக்குடியிலோ கொழும்பிலோ கட்டட்டும். ராமேஸ்வரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கிருந்து வரட்டும்.

ஆனால் கப்பல் இங்கே வராவிட்டாலும் இந்தக் கரைப் பிள்ளைகள் கப்பலுக்குப் போகிறார்கள். அதனால் இட விகிதத்தைப் பற்றி இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த வகுத்தலில் கீழே போடும் எண்ணில் பயணிகள் மட்டும்தான் இருக்கிறார்கள். ஊழியர்கள் இல்லை. கப்பலில் மாதக்கணக்கில் வாழ்கிறவர்கள் அவர்கள். பயணி ஒரு வாரம், பத்து நாள் இருந்துவிட்டு இறங்கிவிடுவார். ஐகானில் ஊழியர்கள் 2,350 பேர். அவர்களையும் சேர்த்து வகுத்தால் 44 என்பது 31 ஆகிறது. சில்வர் நோவாவில் ஊழியர்கள் சுமார் 550 பேர், ஏனென்றால் சொகுசு என்பதே கூப்பிட்டவுடன் வந்து நிற்க ஆள் இருப்பதுதான். அவர்களையும் சேர்த்தால் 75 என்பது 43 அளவுக்கு இறங்கிவிடுகிறது. சொகுசு கூடக்கூட இந்த இறக்கமும் பெரிதாகிறது. இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

ஊழியருக்கு இவ்வளவு இடமாவது கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், 2006ஆம் ஆண்டினது. 2013இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2015இல் ஏற்றுக்கொண்டது. பயணிகள் கப்பலில் அதிகாரி அல்லாத ஊழியர்கள் இரண்டு பேர் தங்கும் அறை குறைந்தது 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், நான்கு பேர் அறை 14.5 சதுர மீட்டர். எக்ஸ்ப்ளோரா கப்பலில் பயணிக்குக் கிடைக்கும் மிகச் சிறிய சூட் அறை, பால்கனியையும் சேர்த்து 35 சதுர மீட்டர்.

இது சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு மட்டும்தான். இதைவிட நல்ல அறை கொடுக்கும் கப்பல்களும் உண்டு. அதனால் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சம்பளத்தைக் கேட்கும்போதே ஓர் அறையில் எத்தனை பேர், குளியலறை தனியா பொதுவா, ஊழியர்களுக்கென்று திறந்த தளம் உண்டா என்றும் கேட்க வேண்டும். எத்தனை லட்சம் டன் என்பது உங்களுக்கு முக்கியமில்லை.

பாலம் இறங்கி, நாங்கள் மண்டபம் ஊருக்குத் திரும்பிய பிறகு அக்கா மகன் வீட்டில் டேப் எடுத்தான். அவனும் அவன் தம்பியும் படுக்கும் அறையை அளந்தான். எட்டடிக்குப் பத்தடி, 80 சதுர அடி. 7.5 சதுர மீட்டரை அடிக்கு மாற்றினால் அதுவும் ஏறக்குறைய 80தான். கொஞ்ச நேரம் அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல சன்னல் இருக்கே மாமா, அங்க இருக்குமா?" என்றான். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் தளம் என்றால் இருக்காது என்று சொன்னேன்.